எட்டு கிலோமீட்டர்: 2019 மானிட்டோபா தேடுதல் வேட்டையும் வெளியார் ஊகங்களும் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

2019 கோடையில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடபகுதியில் மூன்று பேர் கொல்லப்பட்டனர். சந்தேகத்துக்குரிய இருவரை மானிட்டோபா மாகாணத்தின் காட்டுக்குள் இரண்டு வாரத்துக்கும் மேல் தேடினார்கள். அந்த நாட்களில் காவல்துறைக்கு வெளியே இருந்தவர்கள் என்னென்ன ஊகித்தார்கள், அவை எங்கே சரிந்தன என்பதே இங்கே பொருள். ஆட்களின் பெயர்கள் தரப்படவில்லை. சந்தேக நபர்கள் இருவரும் இறந்துபோனதால் வழக்கு நீதிமன்றத்தில் விசாரிக்கப்படவே இல்லை. அவர்களே குற்றவாளிகள் என்பது காவல்துறையின் இறுதி முடிவு.

பின்னணி

ஜூலை 12 அன்று, வான்கூவர் தீவிலுள்ள போர்ட் அல்பர்னியிலிருந்து 18, 19 வயது நண்பர்கள் இருவர் வடக்கே வேலை தேடிப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அன்றே அவர்களில் ஒருவர் எஸ்கேஎஸ் வகைத் துப்பாக்கி ஒன்றைச் சட்டப்படி வாங்கியிருந்தார். இது பிறகுதான் வெளியே தெரிந்தது.

ஜூலை 15 அன்று, அலாஸ்கா நெடுஞ்சாலையில் லியார்ட் வெந்நீர் ஊற்றுக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில், பயணிகளான ஓர் ஆணும் பெண்ணும் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். ஜூலை 19 அன்று, அங்கிருந்து நெடுந்தொலைவில், 37ஆம் நெடுஞ்சாலையில் டீஸ் லேக்கிற்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில், அந்த இளைஞர்களின் டிரக் எரிந்த நிலையில் கிடைத்தது. அதற்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தள்ளி வயதான ஒருவரின் உடல் இருந்தது. இளைஞர்களைக் காணவில்லை. அப்போதைக்கு அவர்கள் காணாமல்போனவர்கள்தான்; அவர்களும் கொல்லப்பட்டிருக்கலாம் என்றே பலர் அஞ்சினார்கள்.

ஜூலை 22 மதியம், அங்கிருந்து மாகாணங்கள் தாண்டி மானிட்டோபாவின் ஸ்பிளிட் லேக்கில், பூர்வகுடிச் சமூகத்தின் பாதுகாப்புப் பணியாளர்கள் ஒரு வண்டியை நிறுத்தினார்கள். அங்கே மதுவுக்குத் தடை இருப்பதால் வண்டிகளைச் சோதிப்பது வழக்கம். முகாம் பொருட்களும் வரைபடங்களும் இருந்தன, மது இல்லை. போகவிட்டார்கள். இருவரும் கொலைச் சந்தேகத்தில் தேடப்படுபவர்கள் என்ற அறிவிப்பு அப்போது வந்திருக்கவில்லை. அன்று மாலையே கில்லம் ஊருக்கு அப்பால் அந்த வண்டி, கொல்லப்பட்ட முதியவரின் டொயோட்டா ராவ்4, எரிந்துகொண்டிருந்தது. ஜூலை 23 அன்றுதான் ஆர்சிஎம்பி எனப்படும் கனேடிய மத்திய காவல்துறை, இருவரும் காணாமல்போனவர்கள் அல்லர், சந்தேக நபர்கள் என்று அறிவித்தது.

இந்த வரிசையை மனதில் வைப்பது அவசியம். வண்டி எரிந்தபோது அவர்களைச் சந்தேக நபர்களாக யாரும் பகிரங்கமாகத் தேடத் தொடங்கியிருக்கவில்லை. பிந்தைய ஊகங்களில் சில, அவர்கள் துரத்தப்படுவதை அறிந்தே வண்டியை எரித்தார்கள் என்ற அனுமானத்தில் நின்றன.

கவனித்தவை: நிலம்

கில்லம் ஏறத்தாழ 1,200 பேர் வாழும் ஊர். தாம்ப்சனிலிருந்து 280ஆம் சாலை வழியே சுமார் 300 கிலோமீட்டர். பெரும்பகுதி சரளைச் சாலை. அதற்கும் அப்பால் 290ஆம் சாலை நெல்சன் ஆற்றின் அணைக்கட்டுகளை ஒட்டிப் போய் முடிந்துவிடுகிறது. தரைவழியே வெளியேற இரண்டே வழிகள்: வந்த சாலை, அல்லது சர்ச்சில் துறைமுகத்துக்குப் போகும் ஒற்றை ரயில் பாதை.

சாலையை விட்டு இறங்கினால் மஸ்கெக். பார்வைக்குப் புல்தரை போலத் தெரியும். அடியில் நீரில் ஊறிய பாசியும் கரிமண்ணும். ஓர் அடி வைத்தால் கால் கணுக்கால் வரை இறங்கும், அடுத்த அடி முழங்கால் வரை. நடுவில் சாய்ந்தும் விழுந்தும் கிடக்கும் கருப்பு ஸ்புரூஸ் மரங்கள். ஆற்றை நெருங்க நெருங்க வில்லோ, ஆல்டர் புதர்கள் ஆள் உயரத்துக்குப் பின்னிக் கிடக்கும். கரை செங்குத்தான களிமண் சரிவு. பழக்கமில்லாதவர் பையும் துப்பாக்கியும் சுமந்து இங்கே மணிக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தால் அதுவே அதிகம். ஜூலையில் கொசுவும் கடிக்கும் கருப்பு ஈயும் முகத்தை மூடும். ஆறோ, விநாடிக்கு 2,000 கன மீட்டருக்கு மேல் சராசரியாக ஓடும் பெருவெள்ளம். நீந்திக் கடக்கும் பேச்சுக்கே இடமில்லை.

இவை எல்லாம் ரகசியம் அல்ல. வரைபடமும் உள்ளூர்க்காரர் பேட்டிகளும் முதல் நாளிலிருந்தே கிடைத்தன. ஆனால் ஊகித்தவர்களில் மிகச் சிலரே நிலத்திலிருந்து தொடங்கினார்கள். மற்றவர்கள் ஆட்களிலிருந்து தொடங்கினார்கள்: இவர்கள் எப்படிப்பட்டவர்கள், என்ன விளையாட்டு விளையாடினார்கள், என்ன உடை அணிந்து படம் எடுத்தார்கள்.

ஊகங்கள்

முதலில் வந்தது மூன்றாம் ஆள் ஊகம். ஜூலை 22 அன்று காவல்துறை வெளியிட்ட, கையால் வரைந்த முகப்படம் ஒன்றில் தாடி வைத்த ஓர் ஆண் இருந்தார். கொல்லப்பட்ட ஜோடியுடன் சாலையோரம் பேசிக்கொண்டிருந்ததாகச் சாட்சி சொன்ன ஆள். மறுநாளே இரண்டு இளைஞர்களின் படம் வந்ததும், முதல் படத்தைப் பலரால் விட முடியவில்லை. உண்மைக் கொலையாளி தாடிக்காரர், இளைஞர்கள் பிணைக்கைதிகள் என்றுகூடச் சொன்னார்கள். இங்கே நடந்த பிழை எளிது: சாட்சியாக விசாரிக்க வேண்டியவரைத் தேடும் படத்தைச் சந்தேக நபரின் படமாக வாசித்தது.

அடுத்தது திசைதிருப்பல் ஊகம். வண்டியைக் கில்லமில் எரித்தது ஏமாற்று வேலை. வேறொரு வண்டியைத் திருடித் தெற்கே போய்விட்டார்கள் என்றது இது. ஜூலை 26 அன்று காவல்துறையே, தோற்றத்தை மாற்றிக்கொண்டு, யாரோ தெரியாமல் செய்த உதவியுடன் அவர்கள் வெளியேறியிருக்கலாம் என்று சொன்னதும் இதற்கு வலு கூடியது. அப்படிச் சொன்னதில் காவல்துறைக்குத் தவறில்லை. ஒரு வாய்ப்பை மூடாமல் வைத்தார்கள். கேட்டவர்கள் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். ஒன்டாரியோவில் கப்புஸ்கேசிங் பக்கம் வரை பார்த்ததாகத் தகவல்கள் வந்தன. ஒன்றும் உறுதிப்படவில்லை. கில்லம் பகுதியில் திருடுபோன வண்டி உண்டா என்ற ஒரே கேள்விதான் இந்த ஊகத்துக்கு உரைகல். சிறிய ஊரில் ஒரு டிரக் காணாமல்போனால் அன்றே தெரிந்துவிடும். அப்படி எதுவும் வெளிவரவில்லை.

மூன்றாவது, காட்டில் வாழத் தெரிந்தவர்கள் என்ற ஊகம். இருவரும் ஊரில் காட்டுக்குள் முகாமிட்டு விளையாடியவர்கள் என்ற செய்தியிலிருந்து இது முளைத்தது. அமெரிக்காவின் பழைய வேட்டைகளை உதாரணமாக இழுத்தார்கள்: வட கரோலினாவில் 1998 முதல் 2003 வரை ஐந்தாண்டு மறைந்திருந்த குண்டுவெடிப்புக் குற்றவாளி, 2014இல் பென்சில்வேனியாவில் 48 நாள் பிடிபடாத ஆள். இருவருமே தாம் நன்கறிந்த மலைக்காட்டில், ஊர்களுக்கு எட்டிய தூரத்தில் இருந்தவர்கள். முதலாமவர் கடைசியில் பிடிபட்டது ஓர் ஊரில், கடைக்குப் பின்னால் குப்பைத் தொட்டி அருகே. கில்லமில் தேடப்பட்ட இருவரோ ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் ஓட்டி வந்து, முன்பின் பார்த்திராத நிலத்தில் இறங்கியவர்கள். பசிபிக் கரையின் மழைக்காட்டில் முகாமிட்ட பழக்கம் மஸ்கெக்கில் நடக்கக் கைகொடுக்காது. ஒப்பிடும்போது கேட்க வேண்டியது, தப்பியவர் அந்த நிலத்துக்காரரா, முன்கூட்டியே உணவு பதுக்கினாரா என்ற இரண்டையும். இங்கே இரண்டுக்கும் ஆதாரம் இல்லை.

நான்காவது, ஹட்சன் விரிகுடா. கடலை அடைந்து படகில் போகத் திட்டமிட்டிருப்பார்கள் என்று சிலர் சொன்னார்கள். நடைமுறை அறிந்தவர்கள் சிரித்தார்கள். இந்த ஊகத்துக்குப் பிறகு வருவோம்.

சந்தேக நபர்களில் ஒருவரின் தந்தை பேட்டியில் சொன்னது தனி வகை. மகன் சாகத் துணிந்தே போயிருக்கிறான், காவல்துறையோடு மோதிச் சாவான் என்றார் அவர். முடிவில் பாதியை இவர் சரியாகச் சொல்லிவிட்டார். மோதல் மட்டும் நடக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆர்சிஎம்பி முதலில் சாலைச் சந்திப்பில் சோதனை போட்டது. பிறகு கில்லமிலும் அருகிலுள்ள ஃபாக்ஸ் லேக் கிரீ பூர்வகுடி மக்களின் குடியிருப்பிலும் வீடு வீடாகச் சென்றது. ஆயுதத்தோடு திரிபவர்கள் வெற்று வீட்டில் ஒளிவது மக்களுக்கு உடனடி ஆபத்து. அதனால் கட்டடங்களுக்கு முன்னுரிமை. மோப்ப நாய்கள், ட்ரோன்கள், வெப்பப் படக் கருவி பொருத்திய விமானங்கள் வந்தன. ஜூலை 27 முதல் விமானப் படையின் ஹெர்குலிஸ் விமானமும் சேர்ந்தது.

ஜூலை 28 தனியாகப் பார்க்கத் தக்க நாள். கில்லமிலிருந்து தென்மேற்கே சுமார் 90 கிலோமீட்டரிலுள்ள யார்க் லேண்டிங்கில், குப்பைக் கிடங்கு அருகே உயரமான, ஒல்லியான இருவர் காட்டுக்குள் ஓடியதாகத் தன்னார்வ ரோந்துக் குழுவினர் தகவல் தந்தார்கள். காவல்துறை ஆட்களையும் விமானங்களையும் அங்கே திருப்பியது. மறுநாள், தகவலை உறுதிப்படுத்த முடியவில்லை என்று அறிவித்துத் திரும்பியது.

அந்தத் தகவலைச் சோதிக்காமல் விட்டிருக்க முடியாது. அந்தச் சமூகத்துக்குக் கோடையில் படகும் விமானமும்தான் வழி. ஆபத்து உண்மையானால் மக்கள் ஓட இடமில்லை. அதேசமயம் கணக்கு தலைகீழாக இருந்தது. வண்டி எரிந்து ஆறு நாள். 90 கிலோமீட்டரை ஆறால் வகுத்தால் நாளுக்கு 15 கிலோமீட்டர், அதுவும் நேர்க்கோட்டில், மஸ்கெக்கில், ஆறுகளைக் கடந்து. முடியவே முடியாது என்று சொல்ல முடியாவிட்டாலும், நம்பிக்கை அளவை மிகக் கீழே வைக்க இது போதும். வெளியார் செய்தது நேர்மாறு: தகவல் வந்ததுமே அதை முடிந்த முடிவாகப் பரப்பினார்கள். வதந்திகள் ஊர்களில் அச்சத்தையும் பதற்றத்தையும் கிளப்புவதாகவும் அவற்றைப் பரப்ப வேண்டாம் என்றும் அந்த நாட்களில் ஆர்சிஎம்பி பகிரங்கமாகவே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜூலை 31 அன்று, 11,000 சதுர கிலோமீட்டர் பார்த்தாயிற்று என்று கூறித் தேடலின் அளவைக் குறைத்தார்கள். கைவிடவில்லை. ஊகித்தவர்கள் இதை, அவர்கள் தப்பிவிட்டதைக் காவல்துறை ஒப்புக்கொண்டதாகப் படித்தார்கள்.

முடிவு

ஆகஸ்ட் 2 அன்று நெல்சன் ஆற்றங்கரையில் சேதமான அலுமினியப் படகு ஒன்றை ஹெலிகாப்டர் கண்டது. நீரடித் தேடல் குழு 4ஆம் தேதி இறங்கிப் பார்த்தது, ஒன்றும் இல்லை. அதே நாட்களில் ஆற்றில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்சென்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கரையோரம் நீல நிறத் தூங்குபை ஒன்றைக் கண்டு தகவல் சொன்னார். படகுக்கும் சந்தேக நபர்களுக்கும் தொடர்பு தெரியவில்லை, பை வழிகாட்டியது. 6ஆம் தேதி, எரிந்த வண்டியிலிருந்து சுமார் 9 கிலோமீட்டரில் அவர்களுக்குரிய பொருட்கள் கிடைத்தன. 7ஆம் தேதி காலை, அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், அடர்ந்த புதரில் இருவரின் உடல்களும் கிடைத்தன. எரிந்த வண்டிக்கும் அந்த இடத்துக்கும் 8 கிலோமீட்டர்.

12ஆம் தேதி, இருவரும் துப்பாக்கியால் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தெரிகிறது என்றும், கடைசியாகப் பார்க்கப்பட்ட பின் சில நாட்கள் உயிரோடு இருந்திருக்கலாம் என்றும் ஆர்சிஎம்பி அறிவித்தது. செப்டம்பர் 27 அன்று வெளியான முடிவுகளின்படி, கொல்லப்பட்ட முதியவரின் கேமராவில் ஆறு காணொளிகளும் மூன்று படங்களும் இருந்தன. மூன்று கொலைகளையும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். காரணம் சொல்லவில்லை. ஹட்சன் விரிகுடா வரை நடந்து, படகைக் கைப்பற்றி ஐரோப்பாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போகும் திட்டம் இருந்ததாகவும், எதிர்ப்பட்ட ஆறு மிகப் பெரிது, வேகம் அதிகம் என்பதால் திட்டம் மாறியதாகவும் அதில் பேசியிருந்தார்கள்.

ஆக, எல்லோரும் சிரித்த நான்காம் ஊகம் எண்ணத்தைச் சரியாகப் பிடித்திருந்தது. இடத்தைப் பிடிக்கவில்லை. அதை நம்பித் தேடலைக் கடற்கரைக்கு மாற்றியிருந்தால் நேர்க்கோட்டில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி வெறுங்கரையைத் தேடியிருப்பார்கள். ஒருவர் எங்கே போக நினைத்தார் என்பதும் அவர் கால் எங்கே நின்றது என்பதும் வேறு கேள்விகள். இரண்டாவதற்கு விடை ஆற்றிடம் இருந்தது.

எட்டு கிலோமீட்டரில் இருந்தும் ஏன் தெரியவில்லை

உடல்கள் கிடைத்ததும் வந்த குற்றச்சாட்டு இது. 11,000 சதுர கிலோமீட்டர் தேடியவர்கள் மூக்கின் கீழ் இருந்ததைக் கோட்டைவிட்டார்களாம். கணக்குப் போட்டால் வேறு மாதிரி தெரியும்.

8 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 201 சதுர கிலோமீட்டர். அடர்புதரில் தரையில் கிடக்கும் ஒருவரைத் தேடுபவர் கண்டுகொள்ளும் பட்டையின் அகலம் 10 மீட்டர் என்றும், தேடிக்கொண்டே அவர் மணிக்கு அரை கிலோமீட்டர் நகர்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மணிக்கு 0.005 சதுர கிலோமீட்டர். முழு வட்டத்தையும் ஒருமுறை அளக்க 40,000 ஆள்-மணி நேரம். 50 பேர் நாளுக்கு 8 மணி நேரம் உழைத்தால் நூறு நாள். அப்படி ஒருமுறை அளந்த பின்னும் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நூறு சதவீதம் அல்ல. தேடல் கோட்பாட்டின் அடிப்படைச் சூத்திரப்படி சுமார் 63 சதவீதம், ஏனென்றால் தடங்கள் சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று விழும், சில இடங்கள் விடுபடும்.

விமானம் பரப்பை வேகமாகத் தின்னும். ஆனால் வெப்பப் படக் கருவி இலைக்கூரையை ஊடுருவாது. உடல் சுற்றுப்புற வெப்பநிலைக்குக் குளிர்ந்த பின் அதற்கு வேலையே இல்லை. "11,000 சதுர கிலோமீட்டர் பார்த்தோம்" என்ற எண்ணில் எவ்வளவு பரப்பு எந்த அளவு நுணுக்கமாகப் பார்க்கப்பட்டது என்பது அடங்காது. பார்த்த பரப்பையும் கழித்துவிடத் தக்க பரப்பையும் ஒன்றாக எடுத்ததே ஊகித்தவர்களின் பெரிய சறுக்கல்.

எடுத்துக்காட்டாக, ஒரு பகுதியில் இருப்பதற்கான வாய்ப்பை 50 சதவீதம் என்று வைத்து, 63 சதவீதக் கண்டறிதிறனோடு தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், மீதி வாய்ப்பு பூஜ்யம் ஆகாது. 0.50 × 0.37 = 0.185. வெளிப் பகுதியின் 0.50ஐயும் சேர்த்து வகுத்தால் 27 சதவீதம். நான்கில் ஒன்றுக்கும் மேல். அதை விட்டுவிட்டு ஒன்டாரியோவுக்குத் தாவக் காரணம் போதாது.

மாற வேண்டியவை

ஊகிப்பதை நிறுத்தச் சொல்வதில் பயனில்லை, மக்கள் ஊகிப்பார்கள். வரிசையை மாற்றலாம். வரைபடத்தில் கடைசியாக உறுதிப்பட்ட இடத்தைக் குறியுங்கள். இங்கே அது எரிந்த வண்டி, ஜூலை 22 மாலை. நிலத்துக்கேற்ற நடைவேகத்தை வைத்து நாள்வாரி வட்டம் போடுங்கள். பிறகு தடைகளையும் ஈர்க்கும் கோடுகளையும் வரையுங்கள்: ஆறு, ரயில் பாதை, மின்கம்பி வழித்தடம். வழி தெரியாதவர்கள் கோடுகளை ஒட்டி நடப்பார்கள், தடையில் வந்து நிற்பார்கள். வண்டி, ஆறு, 8 கிலோமீட்டர் என்ற மூன்றையும் இப்போது அடுக்கினால் வியப்பு ஒன்றும் இல்லை. ஆட்களின் குணம் பற்றிய ஊகம் இதற்குப் பிறகுதான், அதுவும் வட்டத்துக்குள் எந்தப் பக்கம் என்று பிரிக்க மட்டும். வட்டத்துக்கு வெளியே தாவும் ஒவ்வொரு ஊகமும் ஒரு வாகனத்தைக் காட்ட வேண்டும்: எந்த வண்டி, எங்கே திருடுபோனது, யார் புகார் கொடுத்தது. காட்டாதவரை அது கிடப்பில்.

பார்த்ததாகத் தகவல் தருபவர் எழுதிவைக்க வேண்டியவை சில: மணி, இடம், தூரம், வெளிச்சம், போன திசை, எத்தனை விநாடி பார்த்தார். இவற்றைவிட முக்கியமாக, பார்ப்பதற்கு முன் சந்தேக நபர்களின் படத்தைச் செய்தியில் பார்த்திருந்தாரா என்பது. "உயரமான, ஒல்லியான இரு இளைஞர்கள்" என்ற வர்ணனை எந்த ஊரிலும் யாருக்காவது பொருந்தும். தகவல் போக வேண்டிய இடம் காவல்துறை மட்டும். உறுதிப்படும் முன் ஊர்ப் பெயரோடு பரப்புவது, அங்கே கதவைத் தாழிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தண்டனை.

பொருள் ஏதேனும் கண்ணில் பட்டால் தொடக் கூடாது, தூக்கிப் பார்க்கக் கூடாது. நின்ற இடத்திலிருந்தே படம், ஜிபிஎஸ் ஆயத்தொலை, நேரம். வந்த தடத்திலேயே திரும்புதல். ஆற்றில் கண்டதானால் நீரோட்டத்தின் திசையையும் நீர்மட்டத்தையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். அணைகளுக்குக் கீழே நெல்சனின் மட்டம் நீர் திறப்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். நேற்றுக் கரையில் சிக்கியிருந்த பை இன்று சில கிலோமீட்டர் கீழே இருக்கலாம், தேடலைத் தொடங்க வேண்டிய இடமோ மேலே.